புகையில்லா ரயிலுக்கு ஒரு புகைப் பெட்டி

தூமபுரி என்றொரு நாடு. அங்கே ரயில் வருவதைப் புகையை வைத்துத்தான் சொல்வார்கள். அரசர் மகுடவேலர் நிலக்கரியை ஒழித்துவிட்டு, இயற்கை எரிவாயுவில் ரயில் விட்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம்தான். தலைநகரில் தண்டவாளத்தை ஒட்டி அப்பளம் காயவைத்து விற்கும் பரிமளத்துக்குத் தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் கரி படிந்த அப்பளமே விற்றவள், இப்போது வெள்ளை வெளேரென்று எடுத்து அடுக்கினாள். கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

அரசர் பூரித்துப்போய் ஓர் ஆணை போட்டார்: "நாட்டில் இனி கரியே இல்லை. ஆகவே முகத்தில் கரியோடு திரிகிறவர் அரசை இழிவுபடுத்துகிறவர். ரயில் நிலையத்தில் அவர் கால் வைக்கக்கூடாது."

அதோடு விட்டிருக்கலாம். விளம்பர அமைச்சர் வித்தகனார் விடவில்லை.

"மன்னா, புகை இல்லாவிட்டால் ரயில் ஓடுவதே யாருக்கும் தெரியாதே! சாதனை கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"

மறுநாளே இன்ஜினுக்குப் பின்னால் ஒரு பெட்டி சேர்ந்தது. அதில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை விட்டார்கள். பயணிகள் கரிமுகத்தோடு வந்து, இறங்க முடியாமல் வந்த வழியே திரும்பினார்கள். முகம் கழுவலாமென்றால் குழாய் நிலையத்துக்குள் இருந்தது. அப்பளம் பழையபடி கறுத்தது. கல்யாண வீட்டார் நழுவினார்கள். பரிமளத்துக்கு வயிறு எரிந்தது.

அரசர் சாதனைப் பயணம் புறப்பட்டபோது அவள் போய்க் கும்பிட்டாள்.

"மகாராஜா, நீங்க போய்க் கடைசிப் பெட்டியில உக்காரலாமா? புகைக்கு அடுத்த பெட்டிதான் உங்க அந்தஸ்துக்குச் சரி. ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க, ஜனங்க பாக்கணும்ல!"

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்தார். நாட்டைச் சுற்றிவந்து தலைநகரில் இறங்கப்போனவரை நிலைய அதிகாரி ஆதிமூலம் மறித்தார்.

"யாருங்க நீங்க?"

"யோவ், நான்தான்யா அரசர்!"

"அரசர் முகத்துல கரி இருக்காதுங்களே. நாட்டுல கரியே இல்லன்னு அவரே சொல்லியிருக்காரு."

"வித்தகனாரே, அந்த ஆணையை ரத்து செய்யும்!"

கூடவே பயணம் வந்த அமைச்சர் முகமும் கரிதான். "முடியாது மன்னா. நாம் போட்ட ஆணை தப்பென்று ஆகிவிடும்."

"அப்படியானால் அந்தப் புகைப் பெட்டியையாவது கழற்றித் தொலையும்!" என்று அரசர் இருமினார்.

கழற்றினார்கள். இறங்க முடியாத அரசரோடு ரயில் சத்தமில்லாமல், சுத்தமாகப் புறப்பட்டது. பரிமளம் சிரித்துக்கொண்டே அப்பளத்தை விரித்தாள். பாவம் பசிக்குமே என்று ஒரு பொரித்த அப்பளத்தை ஜன்னலில் நீட்டவும் செய்தாள்.

ரயில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் வித்தகனார் ஜன்னல் வழியே அறிவிக்கிறார்: "மக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அரசரின் பயணம் தொடர்கிறது!"

மக்களும் விடாமல் கைதட்டி வழியனுப்புகிறார்கள்.