அத்தைக்கு ஒரு ஜெர்மன் நாற்காலி

பெட்டியைப் பிரித்ததும் நாற்காலி வரவில்லை. பூசணிக்காய் அளவில், உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு கள்ளிச்செடி வந்தது.

"இது மேல எப்படி மாப்பிள்ளை உட்காரறது?" என்று கேட்டார் மாமியார்.

அகராதிக்கு வியர்த்துவிட்டது. ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த மூன்றே மாதத்தில் ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர் அது. அத்தைக்கு இடுப்புவலியாயிற்றே என்று ஜெர்மன் கடையில் தேடிப் பிடித்து வரவழைத்தான். ஷ்வீகர்முட்டர் என்றால் மாமியார், ஷ்டூல் என்றால் நாற்காலி. அப்படியானால் ஷ்வீகர்முட்டர்ஷ்டூல் என்பது மாமியார் நாற்காலிதானே! ஒரு கள்ளிச்செடிக்குப் போய் அந்தப் பேரை வைப்பான் என்று யார் கண்டது? படத்தையாவது பார்த்துத் தொலைத்திருக்கலாம். சொல்லைப் பிரித்த சந்தோஷத்தில் அதுவும் தோன்றவில்லை.

நேரம் பார்த்து நடந்திருக்கிறது. நாளைக்கு மனைவி புது வேலையில் சேர வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரை விட்டால் ஆளே கிடையாது.

"ஏங்க, அம்மா முகமே சரியில்ல. ஏதாவது சொல்லுங்க," என்று முழங்கையால் இடித்தாள் மனைவி.

"அத்தை, அது மாமியாரே இல்ல! ஷ்வீகர்ங்கிறது ஷ்வைகன்ல இருந்து வந்தது. ஷ்வைகன்னா மௌனம். முட்டர்னா அம்மா. மௌனமா இருக்கிற அம்மா!" வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான்.

"ஓஹோ. நான் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கணும்."

"ஐயையோ! முட்டருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு அத்தை. போல்ட்டுல மாட்டுவாங்களே, நட்டு!"

"எனக்கு நட்டு கழண்டுடுச்சுங்கிறீங்க."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சும்மா இருந்தால் அவன் என்ன அகராதி?

"ஷ்டூல்னா நாற்காலி மட்டும் இல்ல அத்தை. டாக்டர் டெஸ்ட்டுக்குச் சின்ன டப்பாவுல கேப்பாரே..."

மாமியார் விருட்டென்று எழுந்தார். இடுப்பு ஒரு வார்த்தை முனகவில்லை.

"ஒரே சொல்லுல என்னை ஊமையாக்கி, பைத்தியமாக்கி, கடைசியில டப்பாவுலயும் அடைச்சிட்டீங்க. இனி ஒரு நிமிஷம் இந்த வீட்ல இருக்க மாட்டேன்!"

உள்ளே போனவர், போன வேகத்தில் சூட்கேஸோடு திரும்பினார்.

"அம்மா, என் வேலை போயிடும்மா!" மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தை, தெரியாம பண்ணிட்டேன். ஜெர்மன் வகுப்பையே விட்டுடறேன்!" அவன் காலில் விழாத குறை.

"எதுக்கு விடணும்? குழந்தைக்கு ஜெர்மன்லயே தாலாட்டு பாடுங்க."

வாசலில் ஹார்ன் அலறியது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, போன வாரமே வண்டி சொல்லிட்டு, சண்டை பிடிக்க இவ்வளவு நேரமா? உங்க சிநேகிதிங்க மூணு பேரும் பத்து நாள் பீச் டூருக்குத் தொப்பி மாட்டிக்கிட்டு அரை மணியா வண்டியில உட்கார்ந்திருக்காங்க!"