வாசலைத் தாண்டாத கவுன்சிலர்

கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது சவ வண்டி நின்றது. டிரைவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்றாள் முன்சீட்டில் இருந்த டெல்பின்.

"முன்னாடி பாருங்கம்மா."

பார்த்தாள். ஏரியிலிருந்து ஏறி வந்த பனிமூட்டத்தில் முதலில் தட்டிகள் மட்டும்தான் தெரிந்தன, யாரும் பிடிக்காமலே அவை மிதப்பது போல. அப்புறம்தான் கீழே ஆட்கள் தெரிந்தார்கள். குழிவெட்டும் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் வாசலுக்குக் குறுக்கே வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, பேச்சும் இல்லை. எல்லாத் தட்டியிலும் ஒரே வாசகம்: 'குழிக்குப் பலகை கொடு.'

பின்னால் பெட்டியில் படுத்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கவுன்சிலர் ஆகஸ்ட் கோவாலிக். எட்டாவது வார்டுக்கு முப்பத்தோரு வருஷம் கவுன்சிலர். சனிக்கிழமை சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டார். இன்று புதன்.

அந்த முப்பத்தோரு வருஷத்தில் மனுஷர் தொழிற்சங்கத்துக்கு எதிராக ஓர் ஓட்டுக்கூடப் போட்டதில்லை. வேலைநிறுத்தக்காரர்களின் மறியல் வரிசையைத் தாண்டி எந்த வாசலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. மூத்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்சுகள் வேலைநிறுத்தம். தெருவிலேயே நின்று மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்து, "என்ன குழந்தை?" என்று கத்தினார். மனைவி இர்மா மேலேயிருந்து சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பெருமையை அட்டையில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தவள் டெல்பின். பத்தொன்பது வருஷமாக அவருடைய ஆபீஸை நடத்துகிறவள். இப்போது அவளுக்கு ஒரே கவலைதான். இன்றைக்கு அவரை மண்ணில் சேர்த்தாக வேண்டும், ஆனால் அந்தப் பேருக்குக் கடைசி நாளில் ஒரு கீறல் விழக்கூடாது. எதிர்ப்பக்கம் டிவிக்காரன் வேறு காமிராவைத் தோளில் ஏற்றிவிட்டான். 'செத்த பிறகு கருங்காலியான கவுன்சிலர்' என்று ராத்திரிச் செய்தியில் வந்தால், எந்த முகத்தோடு வார்டுக்குள் நடப்பாள்?

இறங்கி ஓடினாள். குழிவெட்டுகிறவர்கள் சங்கத்தின் தலைவி பெனிட்டா வட்டத்தின் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏன் பெனிட்டா, வேற நாளே கிடைக்கலையா உனக்கு? அவரைத்தான் கொண்டுவந்திருக்கோம். ஒரு பத்து நிமிஷம் விலகி நில்லுங்க."

பெனிட்டா நடையை நிறுத்தவில்லை. டெல்பினும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று.

"நாங்க யாரையும் தடுக்கலையே. வாசல் திறந்துதான் கிடக்கு. போறதா இருந்தா போங்க."

"போனா, வரிசையைத் தாண்டின மாதிரி ஆயிடுமே!"

"அது உனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்." பெனிட்டாவின் மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். "போன வசந்தத்துல எங்க ஆளு ஒருத்தன் குழிக்குள்ள நிக்கும்போது மண்ணு சரிஞ்சு கழுத்து வரைக்கும் மூடிடுச்சு. முட்டுக்கொடுக்கப் பலகை வேணும்னு உங்க கவுன்சிலர் நாலு தடவை தீர்மானம் கொண்டுவந்தாரு. நாலு தடவையும் மேயர் 'அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்'னாரு. எங்களுக்கு மட்டும் ஆசையா, அவரை வாசல்ல நிக்க வைக்க?"

ஐந்தாவது சுற்றில்தான் டெல்பினுக்கு உறைத்தது. காமிரா அவளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவளும் மறியலில் இருக்கிறாள்.

சரி, வண்டி வேண்டாம், தோளில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று திரும்பி வந்தாள். பெட்டி தூக்க ஆறு பேர் ஏற்பாடு: எஃகு ஆலைக்காரர், பஸ் டிரைவர், தபால்காரர், எலக்ட்ரீஷியன், ஒரு டீச்சர், ஒரு நர்ஸ். ஆறு பேரும் ஆறு சங்கம். "இது மறியலைத் தாண்டுறது இல்லை, அஞ்சலி," என்று டெல்பின் ஒரு விளக்கம் கொடுத்தாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

தூக்கினார்கள். பத்தடி நடந்தார்கள். வரிசைக்கு முன்னால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"நாங்க நிக்கலை டெல்பின்," என்றார் தபால்காரர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பெட்டி நின்னுடுச்சு."

எஃகு ஆலைக்காரருக்கு ஆறரை அடி உயரம். அவர் தோளே கீழே அழுந்தியது. "அம்மாடி, இது என்ன கனம்!" ஒரு அடி பின்னால் வைத்துப் பார்த்தார்கள். பெட்டி பஞ்சு மாதிரி வந்தது. மறுபடி முன்னால் வைத்தார்கள். மறுபடி கனத்தது.

காரிலிருந்து இறங்கிய இர்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினேன். இந்த ஆளை எந்த வாசலுக்குள்ளயும் என்னால தள்ள முடியலை. ஆறு பேர் போதுமா?"

சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சவ அடக்க நிலையத்தின் சொந்தக்காரர் பெல்சர் நெஞ்சை நிமிர்த்தினார். "சாவியை இங்க கொடுப்பா. நான் முதலாளி. எனக்குச் சங்கமும் கிடையாது, ஆவி நம்பிக்கையும் கிடையாது. பின்வாசல் வழியா சத்தமில்லாம உள்ள போயிடலாம், வாங்கம்மா."

பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு டெல்பினும் அவரும் மதிலைச் சுற்றி அரை மைல் போனார்கள். பின்வாசலில் பனி இன்னும் கெட்டி. அங்கே ஒரே ஒரு கிழவர் தட்டியோடு, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தார். சாண்டோர் என்று பெயர். செல்போன்கூட வைத்துக்கொள்ளாத ஆள். வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"உள்ள இருக்கிறவர் யாரோ, என்னை மன்னிக்கணும்," என்றார் மரியாதையாக. நடையை நிறுத்தவில்லை.

"ஒருத்தன்தானே!" என்று பெல்சர் வேகத்தை ஏற்றினார்.

"ஒருத்தர் நடந்தாலும் வரிசைதான்னு கவுன்சிலர் சொல்..."

டெல்பின் முடிப்பதற்குள் என்ஜின் நின்றது. விளக்கு அணைந்தது. பின்னால் பெட்டி சறுக்கி, கண்ணாடித் தடுப்பில் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டியது. பெல்சர் சாவியைத் திருகினார். ஒன்றும் ஆகவில்லை.

"போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன்," என்றார். குரல் முதலாளி குரலாக இல்லை.

அவர்கள் ஒன்றும் செய்யாமலே வண்டி தானாகப் பின்னால் உருண்டது. இத்தனைக்கும் சாலை மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முன்வாசல் பக்கமாக மூக்கைத் திருப்பியதும் என்ஜின் தானே உறுமிக் கிளம்பியது. திரும்பும் வழியில் பெல்சர், "சங்கத்துல முதலாளிங்களைச் சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

முன்வாசலில் மேயர் ஹாஸ்கின்ஸ் காலை உதைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்க இரங்கல் உரையோடு வந்தவர். குளிரில் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"இன்னும் குழியே வெட்டலையாமே! விடும்மா, நான் பார்த்துக்கிறேன்," என்று காண்டிராக்டருக்குப் போன் போட்டார்.

வேண்டாம் என்று டெல்பின் சொன்னாள். மேயர் கேட்டிருந்தால் அவர் மேயர் இல்லை.

கால் மணியில் மண்வெட்டும் எந்திரத்தையும் அதை இறக்குவதற்கான பலகைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓட்டி வந்தவர் மறியலைப் பார்த்தார். சாலைக்குக் குறுக்கே அப்படியே வண்டியை அணைத்தார். இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்து சொந்தத் தட்டி ஒன்றை உருவிக்கொண்டு வட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். கூட வந்த இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

இப்போது முன்னால் மறியல், பின்னால் லாரி. நடுவில் இருநூறு துக்கக்காரர்கள், நாற்பது கார்கள், ஒரு பாதிரியார், ஒரு மேயர். யாரும் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது. சர்ச்சில் பந்திக்கு வைத்திருந்த முட்டைக்கோஸ் சுருளெல்லாம் ஆறிப்போயிருக்கும்.

நின்றால் கால் விறைத்தது. சூடு வேண்டுமென்றால் நடக்க வேண்டும். முதலில் டீச்சர் நடந்தார், அப்புறம் தபால்காரர், அப்புறம் பாதிரியார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூறு பேரும் வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். காமிராவைக் கீழே வைத்துவிட்டு டிவிக்காரனும் நடந்தான், அவனுக்கும் சங்கம் இருக்கிறது. பனிக்குள் பூட்ஸ் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று சுற்றி வந்தது. நடுவில் சவ வண்டி. அதற்கு முன்னால் தனியாக மேயர்.

வண்டியின் முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. நேராக மேயர் முகத்தில்.

"அந்த லைட்டை அணைங்கய்யா!"

பெல்சர் கையைத் தூக்கிக் காட்டினார். "சாவி என்கிட்ட இருக்கு சார்."

மேயர் இடதுபக்கம் நகர்ந்தார். வண்டியின் முன்சக்கரம் கிரீச்சென்று இடதுபக்கம் திரும்பியது. வெளிச்சமும் கூடவே வந்தது. மேயர் நகர்வதை நிறுத்திக்கொண்டார்.

"மேயரே," என்றாள் இர்மா, "இந்த மனுஷன் ஒரு விஷயத்தை நாலு தடவைக்கு மேல என்கிட்டகூடக் கேட்டதில்லை. அஞ்சாவது தடவை கேட்கிறாரு. இதுக்கு மேல என்ன பண்ணுவாருன்னு எனக்கே தெரியாது."

தீர்மானம் டெல்பினின் கைப்பையில்தான் இருந்தது. வர்ற திங்கட்கிழமைக் கூட்டத்துக்கென்று கோவாலிக் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மேயர் அதை வண்டியின் முன்மூடி மேல் வைத்து, உடனடி உத்தரவு என்று எழுதி ஒப்பமிட்டார். விளக்கு அணைந்தது.

பெனிட்டா தட்டியை இறக்கினாள். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். இந்தத் தடவை அது ஒரு வயசான மனுஷனின் கனம்தான் இருந்தது. வாசலைத் தாண்டும்போது டெல்பினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. ஜெயித்துவிட்டார்.

லாரியில் இருந்த பலகைகளையே நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து மத்தியானத்துக்குள் குழி வெட்டினார்கள். எங்கள் ஊரில் பலகை வைத்து வெட்டிய முதல் குழி அதுதான். வெட்டியவர்கள் வழக்கம்போல ஜெபத்துக்கு நிற்காமல் தூரத்து மரத்தடிக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். இர்மா ஒரு பிடி மண்ணைப் போட்டாள். "நிம்மதியாப் படுங்க. இனிமே கூட்டமே கிடையாது."

கூட்டம் கலைந்ததும் டெல்பின் பெனிட்டாவைத் தேடி மரத்தடிக்குப் போனாள். மனசில் நன்றிதான் நிறைய இருந்தது. கோபமும் கொஞ்சம் இருந்தது.

"எல்லாம் சரி. ஆனா முந்தின நாளே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெனிட்டா! உசிரே போயிடுச்சு."

"நான் சொல்லணுமா?" பெனிட்டா விழித்தாள். "ஏற்பாடே உன்னோடதுதானே? 'கோவாலிக் ஆபீஸ்லேருந்து வந்து சொல்லியாச்சு, நாளைக்குப் பத்து மணிக்கு நிறுத்தணும்'னு நேத்து சாயங்காலம் சாண்டோர் சொன்னாரு. துக்க வீட்டுல இருக்கிறவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் நான் போன் பண்ணலை."

"நான் யாரையும் அனுப்பலையே. சனிக்கிழமையிலேருந்து ஆபீஸ் பூட்டிக் கிடக்கு."

இருவரும் திரும்பினார்கள். பின்வாசல் கிழவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் மலையோரத்துத் தங்கை வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியவர்.

"சாண்டோர்," என்றாள் டெல்பின். "உங்ககிட்ட யாரு வந்து சொன்னது?"

"யாரா? கவுன்சிலரேதாம்மா. நேத்து மத்தியானம் பின்வாசலுக்கு வெளியிலயே நின்னு, 'நாளைக்குப் பத்து மணிக்கு வேலையை நிறுத்துங்க, மேயரைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு'ன்னாரு. சொன்னபடி மேயர் வந்தாரு, ஊரே வந்துச்சு, அவரை மட்டும் காலையிலேருந்து காணோமே, எங்கம்மா அவரு?"