கூரை ஏறிய சிவப்புப் பட்டை

கட்டம் சாரோடு ஒரே அறையில் ஒரு வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் புத்தி தெளிவாக வெளியே வந்தவன், மீனம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் நான் ஒருவன்தான். சந்தேகப்படுகிறவர்கள் தயவுசெய்து என் மனைவியைக் கேட்க வேண்டாம்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் சைக்கிள் மணி செய்யும் கம்பெனி. அதில் சார்ட் செக்‌ஷன் என்று ஓர் அறை. எத்தனை மணி செய்தோம், எத்தனை விற்றோம், எத்தனை பேர் மட்டம் போட்டார்கள் என்பதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் வண்ணப் பட்டைகளாக வரைந்து ஹால் சுவரில் மாட்ட வேண்டும். செக்‌ஷன் என்றால் கட்டம் சாரும் நானும்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

முதல் நாளே என்னை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னார். உற்பத்தி என்றால் பச்சை, விற்பனை நீலம், கழிவு சிவப்பு. எந்தச் சார்ட்டானாலும் ஒரு கட்டம் நூறு. வரைந்தவன் எவனோ அவன் இனிஷியல் வலது மூலையில் இருக்க வேண்டும்.

"சுவத்துல இருக்கிற பதினேழும் ஒரே ஆள் பேசற மாதிரி இருக்கணும்பா. ஒண்ணு கத்தி, ஒண்ணு முணுமுணுத்தா பாக்கறவன் ஏமாந்துடுவான்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கூட இருந்து பார்த்தால் தெரியும்.

ஒரு தீபாவளி சமயம் கேன்டீன் மாஸ்டர் ஆசையாசையாக, 'கேசரி' என்று பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதி வைத்தார். கட்டம் சார் ஊட்டிய பழக்கத்தில், சிவப்பு என்றால் கழிவு என்று தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் மண்டையில் ஏறியிருந்தது. ஒருவன்கூடத் தொடவில்லை. மாஸ்டர் கரண்டியோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது! உன்னால ஒரு அண்டா கேசரி பேஜாராப் பூடுச்சு!"

"பச்சையில எழுதுங்க. உற்பத்திதானே?" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

சேலையூரில் அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு சார்ட் தொங்கியது. மகனுடைய பரீட்சை மார்க். அங்கேயும் ஒரு கட்டம் நூறுதான். பையன் கணக்கில் முப்பது வாங்கினாலும் தொண்ணூறு வாங்கினாலும் பட்டை ஒரு கட்டத்தைத் தாண்டாது. "ஆபீஸ் அளவையே வீட்லயும் போட்டா எப்படிங்க?" என்று அவர் மனைவி என் எதிரிலேயே அழாத குறையாகக் கேட்டார். பையனுக்கு மட்டும் அப்பாவின் கொள்கையில் அசைக்க முடியாத நம்பிக்கை.

இந்த மனிதரிடம்தான் ஒர்க்ஸ் மேனேஜர் வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை முதலாளி வருகிறார், உற்பத்தியோ படுத்துவிட்டது.

"உற்பத்தி சார்ட்டுக்கு மட்டும் ஒரு கட்டம் அம்பதுன்னு போட்டுடுங்க. பச்சை நல்லா ஒசரமா நிக்கும்."

"மத்த பதினாறும், சார்?"

"அது கெடக்கட்டும்."

"அப்ப முடியாது, சார்."

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உன்னை பெர்மனென்ட் பண்ற பேப்பர் என் மேஜைலதான் இருக்கு" என்றார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சனிக்கிழமை கட்டம் சார் கிளம்பிப் போனதும் உட்கார்ந்து வரைந்தேன். பழக்க தோஷம், மூலையில் என் இனிஷியலையும் போட்டேன். செய்த திருட்டுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த முட்டாள் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் என்னை வாசலிலேயே மடக்கினார்.

"கட்டம் சாரு நேத்து கோயிலுக்குக்கூடப் போவாம இங்க வந்துட்டாரு சார். நீ போட்ட சார்ட்டையே பாத்துகினு நின்னாரு. அப்பால ஏணி கேட்டாரு."

ஏணி எதற்கு என்று ஹாலுக்குள் போனதும் தெரிந்தது. மீதிப் பதினாறு சார்ட்டையும் மனுஷன் ஐம்பது அளவுக்கு மாற்றி வரைந்திருந்தார். மூடி, ஸ்பிரிங், திருகாணி என்று கழித்துப் போட்டதெல்லாம் கழிவுக் கணக்கில் வருவதால், அந்தச் சிவப்புப் பட்டை ஏற்கெனவே கதவு உயரம் இருந்தது. இப்போது இரண்டு மடங்கு. தாளோடு தாள் ஒட்டிச் சுவரில் ஏறி, கூரையில் திரும்பி, ஃபேன் வரைக்கும் போயிருந்தது.

முதலாளி வந்தார். பச்சையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவர் கழுத்து மெதுவாக மேலே போயிற்று.

"என்னய்யா அது, ஃபேன் வரைக்கும்?"

"கழிவு, சார்" என்றார் கட்டம் சார். "உற்பத்திக்கு அளவு அம்பதாச்சு. அதனால எல்லாத்துக்கும் மாத்திட்டேன்."

"உற்பத்திக்கு யார் மாத்தினது?"

மேனேஜரின் விரல் என் பக்கம் நீண்டது. "இந்தப் பையன்தான் சார். புதுசு. விவரம் போதாது."

முதலாளி குனிந்து சார்ட்டின் மூலையைப் பார்த்தார். "இது உங்க இனிஷியலாச்சே?" என்று கட்டம் சாரிடம் கேட்டார். நானும் குனிந்தேன். நான் எழுதிய இடத்தின்மேல் ஒரு துண்டுத் தாள், கோட்டோடு கோடு பொருந்த ஒட்டியிருந்தது. அதில் அவருடைய எழுத்து.

"ஆமா, சார்" என்றார் அவர்.

அவரைக் கூடுவாஞ்சேரி கிடங்குக்குத் தூக்கி அடித்தார்கள். மேனேஜர் மேனேஜராகவே இருந்தார். கம்பெனிகள் அப்படித்தான் நடக்கின்றன. எனக்கு வேலை நிரந்தரமானது.

அடுத்த வாரம் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன். கிடங்கில் அட்டைப் பெட்டிகளையெல்லாம் வண்ணவாரியாக அடுக்கி முடித்திருந்தார். அங்கே வேலை செய்தவர்களின் முகத்தில் அதற்குள்ளேயே களைப்பு தட்டியிருந்தது.

"பேப்பர் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு, சார். வரைஞ்சவன் எழுத்துதானே மூலையில இருக்கணும்? ஏன் சார் மாத்தினீங்க?"

பெட்டி ஒன்றை நேராகத் திருப்பி வைத்தார். "பதினேழுலயும் ஒரே எழுத்தா இருந்தாதான்பா பாக்க லட்சணம்."

பொய். அந்த மனிதருக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை. ஒரு வருஷம் முழுக்க அவரைக் கேலி செய்தே பொழுதை ஓட்டியவன், அன்றைக்கு வண்டலூர் தாண்டும் வரைக்கும் ரயிலில் தலை நிமிரவில்லை. தான் போட்ட விதிகளில் அவர் மீறியது அந்த ஒன்றைத்தான், அதுவும் என் பெயரை மறைப்பதற்காக.