எஜமானுக்குக் கண் திறக்கும் கார்

இனிமேல் இந்த வீட்டில் தன் சொல்தான் கடைசிச் சொல் என்று முகத்துக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தார். அந்த முடிவை மனைவியிடம் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது ஆபீஸ். கார் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் அவருக்கு வேலை. மற்றவர்கள் கதவு, சீட்டு, சக்கரம் என்று வரைவார்கள். இவர் காருக்கு முகம் வரைவார். முன்விளக்கு கண், நடுவில் இருக்கும் கம்பிவலை வாய் என்று அவர் கணக்கு. அவர் வரைந்த கார்களெல்லாம் எதிரில் வருகிறவனை அடிக்கப் போவதுபோல் முறைக்கும். வீட்டில் முறைக்க முடியாத மனுஷன் வேறு எங்கேதான் முறைப்பார், பாவம், என்று சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை அவருக்குக் கிடைத்தது ஒரு கான்செப்ட் கார். அது விற்பதற்கு அல்ல. எங்களுக்கும் இப்படியெல்லாம் யோசிக்கத் தெரியும் என்று கண்காட்சியில் நிறுத்திக் காட்டுவதற்கு. முகத்துக்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஊரில் எல்லாக் காரும் எல்லாரையும் முறைக்கிறது. தன் கார் யாரையும் பார்க்காது. முகமே இருக்காது. முன்பக்கம் வெறும் சுவர்போல மழமழவென்று இருக்கும். எஜமான் வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்தச் சுவரில் இரண்டு கண்கள் மெதுவாகத் திறக்கும்.

ஆபீஸில் வைத்துச் செய்தால் யோசனையைத் திருடிவிடுவார்கள், அதனால் மாதிரியை வீட்டுப் பின்னறையில் செய்யப்போகிறேன் என்று அவர் அறிவித்தார். மனைவி தையல்காரி. பகலெல்லாம் வெளிச்சம் விழுகிற அந்தப் பின்னறையைத் துணி வெட்டும் மேஜை போட்டுக்கொள்ளத் தருவதாக, இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் இன்னும் கட்டிலின்மேல் துணியை விரித்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய துண்டோடு சில நாள் படுக்கை விரிப்பின் ஓரமும் சேர்ந்து வந்துவிடும்.

அவள் சண்டை போடவில்லை. எப்போது முடியும், எஜமான் யாரென்று காருக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டாள். முதல் கேள்விக்கு, முடிந்த மறுநாளே அறை உனக்குத்தான் என்று சொல்லி நழுவிவிட்டார். இரண்டாவதற்குத்தான் உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. சீட்டுக்குள் எடையையும் உட்காரும் தோரணையையும் கவனிக்கிற பட்டைகள் இருக்கின்றன. யார் நாள்கணக்கில் வந்து உட்காருகிறார்களோ அவர்களை அது பழகிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"அப்ப நிறைய நேரம் யார் உக்கார்றாங்களோ, அவங்கதான் எஜமான்?"

"அதேதான். கதவு சாத்தியிருந்தா நான் உள்ள வேலையா இருக்கேன்னு அர்த்தம். தொந்தரவு பண்ணாதே."

"சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

பாதிக் கார் பின்னறையில் எழும்பியது. மரச்சட்டத்தில் இரண்டு சீட்டு, அதற்கு முன்னால் களிமண் பூசிய முகமில்லாத முகம். அது கொல்லைப்பக்க ஜன்னலைப் பார்த்து நின்றது. சீட்டுகளின் முதுகு கூடத்துக் கதவைப் பார்த்திருந்தது. அந்தக் கதவில் மேல்பாதி கண்ணாடி.

அறைக்குள் வந்த பிறகுதான் முகத்துக்காரருக்கு ஒன்று புரிந்தது. அங்கே ரொம்ப நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தால் நிம்மதியும் முடிந்துவிடும். ஆகவே வேலை முடியக் கூடாது. ஆனால் நடப்பதுபோல் தெரிய வேண்டும். அதோடு, மாடி வீட்டில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் சாயங்காலமானால் கேரம் பலகையில் பவுடரைத் தூவிவிட்டுக் காத்திருப்பார்.

சீட்டை அளந்து பார்க்கத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொம்மை வந்திருந்தது. ஆள் உயரம், உள்ளே இரும்பு வைத்து ஆள் எடை. கை கால் மடங்கும். தலை மட்டும் முட்டைபோல மொழுக்கென்று இருக்கும். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முகத்துக்காரர் அதற்குத் தன் பழைய கட்டம்போட்ட சட்டையை மாட்டினார். வழுக்கையை மறைக்கத் தான் போடும் தொப்பியைக் கவிழ்த்தார். சீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அச்சு அசல் அவரேதான். தன் முதுகைத் தானே பார்ப்பது அவருக்கு என்னவோபோல் இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, பின்னறையின் கொல்லைக் கதவு வழியாக மாடியேறிவிட்டார்.

சில நாள் அமோகமாகப் போயிற்று. பிறகு ஒருநாள் அவருடைய சைக்கிளைக் காணோம்.

"என் தம்பி கேட்டான், கொடுத்துட்டேன்" என்றாள் மனைவி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டேனே. நேத்து சாயங்காலம், கதவுக்கு வெளிய நின்னு. நீங்க உள்ள உக்காந்திருந்தீங்க. வேண்டாம்னு சொல்லல. சரின்னுதானே அர்த்தம்?"

முகத்துக்காரர் வாயைத் திறந்தார். நான் அங்கே இல்லை என்று சொன்னால் எங்கே இருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். சைக்கிள் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்படியே மாமியார் வந்து ஒரு மாதம் தங்குவதற்கும், தன்னுடைய சாய்வு நாற்காலி பழைய சாமான்காரனோடு போவதற்கும் அவர் சம்மதித்திருந்தார். இதற்கெல்லாம் அவரால் பல்லைக் கடித்துக்கொள்ள முடிந்தது. ஒரு காலையில் காபியை வைத்துவிட்டு அவள் தானாகவே சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"நேத்து நீங்க பேசினது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு" என்றாள்.

"நானா? என்ன பேசினேன்?"

"போங்க, அதையெல்லாம் திருப்பிச் சொல்லுவாங்களா?"

காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அவர் பின்னறைக்குப் போய்ப் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டையில் பல மாதங்களாக இல்லாத மூன்றாவது பொத்தான் இருந்தது. தட்டினால் உள்ளே இரும்புதான் சத்தம் போட்டது. அன்று கிளம்பும்போது அதன் வலது கையைச் சீட்டின் கைப்பிடியில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கோடு அங்கே இருந்தது, கை மடியில் இருந்தது. ஐந்து விரலும் மடங்கி, எதையோ பிடித்திருந்து இப்போதுதான் விட்டதுபோல இருந்தது.

மறுநாள் கேரம் ஆட்டத்தில் சிவப்புக்காய் குழிக்கு நேராக நின்றும் அவருக்கு அடிக்க வரவில்லை. பாதியில் எழுந்து இறங்கினார். கொல்லையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மழமழவென்றிருந்த களிமண் சுவரில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. மஞ்சள் வெளிச்சம். அவர் வரைந்த கண்கள்தான். ஆனால் இப்படிப் பார்க்கும்படி அவர் வரையவில்லை. அவை அவரைத் தாண்டி, அவர் அங்கே இல்லாததுபோலப் பார்த்தன.

அவற்றுக்குப் பின்னால் பொம்மை உட்கார்ந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் மனைவி. அதன் பக்கம் திரும்பி, சாவதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தையல் மிஷினை இந்த வீட்டில் எங்கே போடலாம் என்று இன்றுவரை யாரும் தன்னைக் கேட்டதில்லை என்றாள். கட்டில்மேல் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். இப்படி உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும், பதில்கூட வேண்டாம் என்றாள். முகத்துக்காரருக்குத் துக்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. அவர் உட்கார்ந்து கேட்டதும் இல்லை.

அப்போதுதான் கட்டம்போட்ட சட்டை மெல்ல உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. மூச்சு விடுகிற மனுஷனின் மார்புபோல நிதானமாக.

அன்றைக்கு அவர் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தார். தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஆபீஸுக்கு லீவு சொன்னார், கேரமுக்கும் லீவு சொன்னார். இந்தக் கார் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று பேய் மாதிரி வேலை செய்தார். களிமண்ணை இழைத்தார், சாயம் பூசினார், எல்லாம் வெளியே நின்றபடியே. அந்தச் சீட்டில் மட்டும் உட்காரவில்லை. ஒரு வருஷம் இழுக்கலாம் என்றிருந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. லாரி வந்தது. பொம்மையையும் ஏற்றவா என்று லோடுமேன் கேட்டதற்கு, வண்டியில் அதோடு சேர்ந்து போக வேண்டுமே என்று பயந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். மறுநாளே பின்னறையில் துணி வெட்டும் மேஜை ஏறியது.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. பிரிவுத் தலைவர் காரில் ஏறி உட்கார்ந்தார். கண் திறக்கவில்லை. திறக்கக் கூடாதுதானே, எஜமான் நான் அல்லவா என்று பெருமையாகச் சிரித்துக்கொண்டு முகத்துக்காரர் ஏறி உட்கார்ந்தார். சுவர் சுவராகவே இருந்தது. குலுங்கிப் பார்த்தார், நகர்ந்து பார்த்தார். தினமும் சாயங்காலம் நீங்கள்தானே உட்கார்ந்து பழக்கினீர்கள் என்று தலைவர் கேட்டார். புதிதாகப் பழக்க நாள்கணக்காகும். நாளைக் காலையில் முதலாளிமார் முன்னால் கண் திறக்காவிட்டால், இனிமேல் நீங்கள் டிக்கிதான் வரைய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

முகத்துக்காரர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். பின்னறைக் கண்ணாடி வழியாக ஒரு முதுகு தெரிந்தது. யாரோ வாடிக்கையாளருக்கான கோட்டை மாட்டிக்கொண்டு, தோளில் குண்டூசி வரிசையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பொம்மை. மனைவி கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். அவர் வாசற்படியிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சட்டை, தொப்பி, கேரம், எல்லாம்.

"முதல் நாளே தெரியும்" என்றாள். "ஒரு மணி நேரம் காபி கேக்காம உக்காந்திருந்தீங்க. அது நீங்களா இருக்க முடியுமா?"

"அந்தப் பொத்தான்?"

"நான்தான் தச்சேன். கையை எடுத்து மடியில வச்சதும் நான்தான். அன்னைக்கு ஜன்னல்ல உங்க நிழல் தெரிஞ்சுது. கொஞ்சம் சத்தமாவே பேசினேன். ஆனா பேசினதெல்லாம் நெசம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "மூச்சு விட்டுச்சே, அதை எப்படிச் செஞ்ச?" என்று கேட்டார்.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "அது நீங்க ஏதோ மிஷின் வச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்கள். கோட்டு அசையவில்லை. அசையாமல் இருப்பதற்கு அது கொஞ்சம் சிரமப்படுவதுபோல் இருந்தது.

"நாளைக்கு ஒரே ஒரு நாள்" என்று முகத்துக்காரர் கெஞ்சினார். "காலையில கூட்டிட்டுப் போய்ட்டு, சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தும் முன், தணிந்த குரலில் சொன்னாள்:

"அவர் உள்ள வேலையா இருக்கார். தொந்தரவு பண்ணாதீங்க."