வெள்ளி மைக்கின் வரம்

செருப்புக் கடையின் மேல்மாடிக் கூடத்துக்குப் போகும் வரிசை படிக்கட்டில் இறங்கித் தெருமுனை வரை நீண்டிருந்தது. தொண்டை கட்டியவர்கள், சுருதி சேராதவர்கள், ‘குளியலறைக்கு வெளியே பாடாதே’ என்று வீட்டாரால் கெஞ்சப்பட்டவர்கள், எல்லாரும் நின்றார்கள். உள்ளே இருந்தவர் குரலானந்தர். அவர் கழுத்தைத் தொட்டால் பாப் பாட்டு பொங்குமாம். கயிறு கட்டினால் ராப் தானாகக் கொட்டுமாம். பயிற்சியும் வேண்டாம், பக்கத்து வீட்டாரின் சாபமும் வேண்டாம். சும்மா கிடைக்குமா இந்தப் பாக்கியம்!

வரிசையில் பேக்கரிக்காரியும் இருந்தாள். சனிக்கிழமை ஓர் இசைக்குழுவில் பாடகியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரொட்டித் தட்டுகளுக்கு மட்டுமே பாடி வந்தவளுக்கு இது பல வருடக் கனவு. பாடவேண்டியது ஒரு துள்ளல் பாட்டு. பல்லவியின் உச்சியில் அவள் குரல் பிசகும். நடுவில் வரும் ராப்பில் எட்டாவது வரியிலேயே மூச்சு முட்டும்.

பெயர் கொடுத்த அன்றே குழுவின் பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார்: “தோளைத் தூக்காம வயித்துலேருந்து மூச்செடும்மா. உச்சியில கத்தாதே, தாடையைத் தளர்த்து. ராப்பை முதல்ல கை தட்டிக்கிட்டு மெதுவாப் பேசிப் பழகு. எங்க மூச்சு எடுக்கணுமோ அங்க தாள்ல ஒரு கோடு போட்டுக்கோ.”

இவ்வளவு சாதாரணமாக இருந்தால் யார் நம்புவார்கள்? போன வியாழன் முதல் தொடுதலின்போது குரலானந்தர் சொன்னதில் அல்லவா மகிமை இருந்தது! “பொறாமைக் கண்ணு உன் தொண்டையில முடிச்சுப் போட்டிருக்கு. ரெண்டு தடவை தொட்டு அவிழ்க்கணும். அதுவரைக்கும் பாடிப் பழகாதே, முடிச்சு இறுகிடும்.”

அன்றிலிருந்து ஒரு வாரமாக அவள் வாயே திறக்கவில்லை. இன்று வியாழன், இரண்டாவது தொடுதல். துணைக்கு வந்த நாத்தனார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலைப் பையோடு நேராக வந்திருந்தாள்.

பேக்கரிக்காரியின் முறை வந்தது. கறுப்பு மைக்கில் பல்லவியைப் பாடச் சொன்னார்கள். உச்சியில் குரல் கிறீச்சிட்டது. கூட்டம் “அச்சச்சோ” என்றது. குரலானந்தர் கண்ணை மூடிக் கழுத்தைத் தொட்டார், கயிறு கட்டினார், வெள்ளி மைக்கைக் கையில் கொடுத்தார். அதே பல்லவி இப்போது தேனாக வழிந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பேக்கரிக்காரிக்குக் கண்ணீர் முட்டியது.

“அண்ணி, ஒரு நிமிஷம்,” என்றாள் நாத்தனார். “அந்தக் கறுப்பு மைக்குலயும் ஒருதரம் பாடிடுங்க.”

“எதுக்குடி? அதான் சரியாயிடுச்சே!”

“ஃபிரிட்ஜுல ரெண்டு பாகத்தை ஒண்ணா மாத்தினா, எதுல கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இவர் உங்க தொண்டையையும் தொட்டாரு, மைக்கையும் மாத்தினாரு. எது வேலை செஞ்சுது?”

குரலானந்தரின் கண் சட்டென்று திறந்தது. “சந்தேகம் வந்தா வரம் போயிடும்!”

“போனா திரும்பத் தொடுங்க சாமி. விரல் தேய்ஞ்சா போயிடும்?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பேக்கரிக்காரி கயிற்றோடு கறுப்பு மைக்கில் பாடினாள். உச்சியில் அதே கீறல்.

“பார்த்தீங்களா! அவிசுவாசி பக்கத்துல நிக்கிறா!” என்றார் குரலானந்தர்.

அவிசுவாசி வெள்ளி மைக்கை எடுத்தாள். அவள் பாடினால் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள். கயிறில்லை, தொடுதலில்லை. வாய்க்கு வந்தபடி அலறினாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பாடகி புறப்பட்டாள்! நாத்தனார் மைக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், குரலானந்தருக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினாள். பிசகிய சுருதியைத் தானே நேராக்கும் கருவி ஒன்று அங்கே பச்சை விளக்கெரிய உட்கார்ந்திருந்தது.

குரலானந்தர் பின்வாசலைத் தேடினார். பாவம், மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதில் முழுக்க பக்தர்கள்.

“அப்போ என் தொண்டையில முடிச்சே இல்லையா?” பேக்கரிக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஒரு வாரத்தைப் பாழாக்கிட்டியேய்யா!”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு அண்ணி. நீங்க பேசுங்க, நான் கை தட்டுறேன்.”

அந்த இரண்டு நாளும் மாவு பிசைந்துகொண்டே ராப்பை மெதுவாகப் பேசினாள், பிறகு வேகம் கூட்டினாள். தாளில் கோடு போட்ட இடத்தில் மட்டும் மூச்செடுத்தாள். சனிக்கிழமை பல்லவியின் உச்சி லேசாக நடுங்கியது. ராப்பில் ஒரு சொல் நழுவியது. ஆனால் மூச்சு முட்டவில்லை. இடம் கிடைத்தது.

செருப்புக் கடை மாடியில் அன்று கலைந்த கூட்டம் என்ன செய்தது என்கிறீர்களா? பாதிப் பேர் கயிற்றைக் கழற்றவே இல்லை. ஒருவர் மட்டும் வெகு அக்கறையாக, “அந்த மிஷின் எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொண்டையைத் திறந்துவிட ஆள் தேடி அலையும் மக்களே, சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். அதற்குச் சுருதி சுத்தமாக இருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை.