சூடு ஏற மறுத்த எஞ்சின்

நன்றாக ஓடுகிற எஞ்சினைக் கெடுப்பதற்கென்றே ஸ்பேனரும் கையுமாகப் பாடுபடுகிற ஆம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அன்னூர்ப் பக்கம் வாருங்கள். சீனிவாசலுவைக் காட்டுகிறேன்.

சீனிவாசலு பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். செத்த மோட்டாரையும் எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் இறைக்கச் சொல்லிவிடுவார். நாலு வருஷமாகப் பட்டறைக்குப் பின்னால் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு, ஒரு குட்டி விமானம் கட்டினார். அலுமினியக் குழாய் உடம்பு. துணி இறக்கை. பக்கம் பக்கமாக இரண்டு சீட்டு. பின்னால் இரண்டு சிலிண்டர் எஞ்சின், அதன் முதுகில் மூன்று இலை விசிறி. அனுமதிப் பேப்பர் வாங்க அலைந்ததில் மட்டும் மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது.

விமானம் கட்டியதைவிட அதிக நேரம் அவர் பேக்கரி பெஞ்சில் அதைப் பற்றிப் பேசினார். ஒரு கையில் டீ, ஒரு கையில் தேங்காய் பன்.

"இதுல மொத ஆளா உக்காந்து போறது நாந்தானுங்க. என்ற மாமனார் கண்ணு முன்னால மூணு ரவுண்டு! மேல இருந்து கையை ஆட்டுவேன், பார்த்துக்கோங்க."

அன்னூரே பார்த்துக்கொள்ளத் தயாரானது. ஒரே ஒரு சிக்கல். சீனிவாசலுவுக்கு உயரம் என்றால் ஆகாது.

அது அவருக்கே போன மாதம்தான் தெரிந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் பார்க்க ஏணியில் ஏறினார். ஏழாவது படியில் கால் கல்லாகிவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி பிரீத்திகா, "இடது காலுங்க... இப்ப வலது காலுங்க" என்று, நடை பழகும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி இறக்கினாள். தரையைத் தொட்டதும் இவர் சொன்னது: "வெயில் ஓவரு."

அந்த நேரம் பார்த்து, பறக்கச் சொல்லிக்கொடுக்கும் பாலகோபால் கோயமுத்தூரிலிருந்து வந்தார். விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"வேலை சுத்தம் சீனி. இனி மூணு நாள் தொடர்ந்து, மரத்துல கட்டிப்போட்டு, முழு வேகத்துல அஞ்சு நிமிஷம் ஓட்டு. நிமிஷத்துக்கு ஆறாயிரத்து எரநூறு சுத்து வரோணும். எஞ்சின் தலைச்சூடு எரநூறைத் தாண்டக் கூடாது. புகைச்சூடு அறுநூத்தம்பது. எல்லாத்தையும் எழுதி அனுப்பு. சரியா இருந்தா ஞாயித்துக்கிழமை வர்றேன். மொத ரவுண்டு நான் தனியா. அடுத்த ரவுண்டு பக்கத்து சீட்டுல நீ."

அந்த 'நீ'யைக் கேட்டதும் சீனிவாசலுவுக்கு ஏணியின் ஏழாவது படி ஞாபகம் வந்தது.

பயம் என்று சொன்னால் மானம் போகும். மற்றவர்கள் மானம் கப்பலேறும். இவர் மானம் விமானமே ஏறிவிடும். யோசித்தார். நல்ல மெக்கானிக்குக் கெட்ட யோசனை வந்தால் அதுவும் துல்லியமாகத்தான் வரும். விசிறி இலையை இரண்டு டிகிரி அதிகம் திருப்பி வைத்தால் அது காற்றை ஆழமாகக் கடிக்கும். கடித்தால் எஞ்சின் திணறும். திணறினால் தலை சூடாகும். சூடானால் பாலகோபால் வர மாட்டார். 'நான் ரெடி, எஞ்சின் ரெடியில்லை' என்று சொல்லிக்கொண்டே பென்ஷன் வயது வரைக்கும் பன் தின்னலாம்.

திங்கட்கிழமை, பிரீத்திகா பார்த்துக்கொண்டிருந்ததால், ஒழுங்காக ஓட்டினார். விமானத்தின் வாலைக் கிணற்றுக் கயிற்றால் தென்னைமரத்தில் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை முறுக்கினார். அவர் கை வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலில். மீட்டரைப் பார்த்துச் சத்தமாகப் படித்து நோட்டில் எழுதுவது பக்கத்துச் சீட்டில் பிரீத்திகா. கல்யாணமாகி வந்ததிலிருந்து பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிய கை அது. ஆனாலும் சீனிவாசலுவைப் பொறுத்தவரை நோட்டு எழுதுவது பொம்பளை வேலை, புரிந்துகொள்வது ஆம்பளை வேலை. அவர் செய்த தப்பு அதுதான்.

ஆறாயிரத்து இருநூறு. தலைச்சூடு நூற்றெண்பத்தைந்து. அச்சு வெல்லம் மாதிரி அளவெடுத்து வந்தது. அன்று மத்தியானம், மகள் பாப்பாவைப் பள்ளிக்கூட வேனிலிருந்து இறக்க பிரீத்திகா ரோட்டுக்குப் போன நேரத்தில், சீனிவாசலு ஸ்பேனரை எடுத்தார். இரண்டு டிகிரி.

செவ்வாய்க்கிழமை காலை.

"எவ்வளவு அம்மணி?"

"சுத்து அஞ்சாயிரத்து அறுநூறுங்க. தலைச்சூடு எரநூத்திப் பத்து... இருவது... இருவத்தஞ்சு!"

"அய்யய்யோ! ஆஃப் பண்றேன், ஆஃப் பண்றேன்!"

"ஏனுங்க, அய்யய்யோங்கறதைச் சிரிச்சுட்டே சொல்றீங்க?"

"பல்லைக் கடிச்சேன். உனக்கு அது சிரிப்பாத் தெரியுது."

பிரீத்திகா எஞ்சின் பக்கமாகக் காதைச் சாய்த்தாள். "நேத்து நல்லா இருந்துதே. கிரைண்டர்ல அரிசிய மொத்தமாக் கொட்டுனா இப்படித்தானுங்க உறுமும். விசிறி காத்த நெறையா அள்ளுதோ என்னமோ?"

சீனிவாசலுவுக்குச் சுருக்கென்றது. "மாவாட்டறதும் விமானம் ஓட்டறதும் ஒண்ணா? எழுதறதை எழுது."

எழுதினாள். அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேக்கரிக்குப் போனார். "ஹீட்டுங்க! தாங்க முடியாத ஹீட்டு! இல்லாட்டி இன்னைக்கே பறந்திருப்பேன்." பெஞ்சே உச்சுக் கொட்டியது. பன் அன்றைக்குத் தனி ருசி.

புதன்கிழமை காலை மறுபடி முறுக்கினார்.

"ஆறாயிரத்து எரநூறுங்க. தலைச்சூடு நூத்தி எம்பத்தஞ்சு."

"என்னது?"

"புகைச்சூடு அறுநூத்திப் பத்து. ஏனுங்க மூஞ்சி இப்படிப் போச்சு? நல்ல சேதிதானுங்க சொன்னேன்?"

"சந்தோசத்துல ரத்தம் எறங்கிருச்சு."

பனியில் ஏதோ இளகியிருக்கும் என்று நினைத்து, மத்தியானம் மூன்று டிகிரி திருப்பினார். போல்ட்டுகளை இறுக்கிவிட்டு இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் பேக்கரிக்குப் போனார். வியாழக்கிழமை காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார்.

"ஆறாயிரத்து எரநூறு. தலைச்சூடு நூத்தி எம்பத்தாறு. ஒரே ஒரு டிகிரி கூடிருச்சுங்க, கவலைப்படாதீங்க."

சீனிவாசலு எஞ்சினை அணைத்துவிட்டு யோசித்தார். இருபது வருஷத் தொழில். மோட்டார்கள் அவர் பேச்சைக் கேட்கும். இந்த எஞ்சின் மட்டும், ஐந்து மணிக்குப் பூட்டின கொட்டகைக்குள் தானாகத் திருந்துகிறது! நாம்தான் பதற்றத்தில் தப்பான பக்கம் திருப்பினோமோ? அன்று மத்தியானம் எதிர்ப்பக்கமாக நாலு டிகிரி. இப்போது இலை காற்றைக் கடிக்கவே கடிக்காது. எஞ்சின் கட்டறுத்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளி, புகைச்சூடு எகிறும். எகிறியே ஆக வேண்டும். அப்படித்தான் விதி.

வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

"மூணு நாளும் சரிங்க!" பிரீத்திகா நோட்டை மூடினாள். "மூணு பக்கத்தையும் போட்டோ எடுத்து பாலகோபால் சாருக்கு அனுப்பிச்சுப்போட்டேன். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வாரேன்னு சொல்லிப்போட்டாரு."

சீனிவாசலு எழுந்து விசிறிக்குப் பின்னால் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலையின் அடியை உற்றுப் பார்த்தார். மூன்று இலையிலும், இலையிலிருந்து நடுக்கட்டை வரைக்கும், நூல் பிடித்த மாதிரி ஒரு ரோஸ் கலர்க் கோடு.

"இது என்ன? பாப்பா கிறுக்கி வெச்சாளா?"

"நாந்தானுங்க. நெயில் பாலிஷ். திங்கக்கிழமை அளவு சரியா வந்துச்சில்லீங்க, அப்பவே போட்டு வெச்சேன். இலை திரும்புனா கோடு ஒடைஞ்சு காட்டிக் குடுத்துரும். நீங்க பேக்கரிக்குப் போன பொறகு வந்து பார்ப்பேன். செவ்வாக்கெழமை ஒடைஞ்சிருந்துது. புதனும் ஒடைஞ்சிருந்துது. நேத்து எதுத்தாப்புல ஒடைஞ்சிருந்துது. காத்துல திரும்பியிருக்கும்போலன்னு கோட்டை நேர் பண்ணி முறுக்கி வெச்சுட்டேன்."

"கா... காத்துலயா?"

"ஆமாங்க. எல்லா போல்ட்டையும் கழட்டி, மூணு இலையையும் ஒரே அளவாத் திருப்பி, மறுக்கா முறுக்கி, ஸ்பேனரையும் தொடச்சு வெச்சுட்டுப் போற காத்து. கெட்டிக்காரக் காத்துங்க."

சீனிவாசலு ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் அவரைப் பார்த்தது.

"பயமா இருந்தாச் சொல்லுங்க," என்றாள் பிரீத்திகா மெதுவாக.

"யாருக்கு? எனக்கா? வானத்துக்கே என்னையக் கண்டா பயம்!"

"அப்பச் சரிங்க. எங்கப்பாவுக்குச் சொல்லிப்போட்டேன். உடுமலைப்பேட்டையில இருந்து வேன் புடிச்சு வாராங்க. பதினெட்டுப் பேரு."

ஞாயிற்றுக்கிழமை தோப்பை ஒட்டிய புல்தரையில் திருவிழாக் கூட்டம். பேக்கரி பெஞ்சு மொத்தமும் வந்திருந்தது. பெஞ்சை மட்டும்தான் தூக்கி வரவில்லை. மாமனார் சுந்தரராஜுலு வெள்ளை வேட்டியில், முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். பாலகோபால் ஒவ்வொரு போல்ட்டையும் கருவி வைத்துச் சோதித்தார். ரோஸ் கோட்டைத் தடவிப் பார்த்து, "பெரிய விமானத்துக்கும் இப்படித்தான் அடையாளம் வெப்பாங்க. யாரு செஞ்சது?" என்றார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சீனிவாசலுவைக் காட்டினார்கள். பிரீத்திகா பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

பாலகோபால் தனியாக எழும்பினார். தென்னை உயரம், இரண்டு தென்னை உயரம், அப்புறம் பருந்து உயரம். இரண்டு சுற்றுச் சுற்றிப் பஞ்சு மாதிரி இறங்கினார். கூட்டம் கை தட்டியது.

"சீனி, வா!"

"போங்க மாப்ள! மூணு ரவுண்டுன்னு சொன்னீங்களாமே?" என்றார் மாமனார்.

விமானம் இருபது அடி தூரத்தில். சீனிவாசலு நாலு அடி நடந்தார். ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். போட்டிருந்தது செருப்பு. நிமிர்ந்தபோது பிரீத்திகா பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, கால் ஆடுது."

"தரை ஆடுது."

"தரை ஆடுனா எங்கப்பா நாற்காலியும் ஆடோணுமில்லீங்க? அவரு சும்மா உக்காந்திருக்கறாரு. இப்பவாச்சும் சொல்லுங்க. என்றகிட்டத்தானே?"

சீனிவாசலு மாமனாரைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். கடைசியில், கொசு காதில் சொல்வதுபோல, "பயமா இருக்குது அம்மணி," என்றார்.

"இதைத் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா எத்தனை முறுக்கு மிச்சம்!" என்று சிரித்துவிட்டு, பிரீத்திகா கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சார்! மேல போனா சூடு எப்படி ஏறுது எறங்குதுன்னு எழுதோணுமில்லீங்க? எழுதறது நாந்தான். எஞ்சினைக் கட்டுனவரு கீழ நின்னு சத்தத்தைக் கேட்டாத்தான் கோளாறு தெரியும். அதனால இந்த ரவுண்டு நான் உக்காந்துக்கறேனுங்க."

பாலகோபால் சீனிவாசலுவின் காலைப் பார்த்தார். நல்ல மனுஷர். "அதுதான் முறை," என்றார் சத்தமாக.

பாப்பாவைச் சீனிவாசலுவின் இடுப்பில் ஏற்றிவிட்டு, பிரீத்திகா சீட்டில் ஏறிப் பெல்ட்டை மாட்டினாள். அப்போதுதான் அவர் கவனித்தார். பட்டறை வேலைக்குக்கூடச் சேலையைத் தவிர வேறு கட்டாதவள் இன்றைக்குச் சுடிதாரில் இருக்கிறாள். காலில் ஷூ. முடியைக் காற்றில் பறக்காதபடி இறுக்கிக் கொண்டை போட்டிருக்கிறாள். இதெல்லாம் காலை ஐந்து மணிக்கே போட்டது!

விமானம் ஓடியது, துள்ளியது, எழுந்தது. சீனிவாசலு காதில் கை வைத்து நின்றார். "சத்தம் எப்படிங்க?" என்று கேட்டது கூட்டம். "சுத்து கரெக்ட்டு. தலை குளுந்துட்டு வருது," என்றார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அவர் காதுக்கு அது தெரிந்தது. மேலே மூன்றாவது ரவுண்டில் ஒரு சின்னக் கை ஆடியது. தான் முறுக்கிய எஞ்சின் தன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வானத்தில் போகிறதே என்று, அவர் பயந்ததையே மறந்து வாயைத் திறந்து நின்றார். மாமனார் எழுந்து வந்து தோளில் தட்டினார். "மாப்ள, சாதிச்சுட்டீங்க!" சீனிவாசலு மறுக்கவில்லை.

இறங்கியதும் பிரீத்திகா ஓடி வந்தாள். முகம் முழுக்க வெயில். "தலைச்சூடு நூத்தி எழுவதுதாங்க! மேல இருந்து பார்த்தா நம்ம ஊடு தீப்பெட்டி மாதிரி இருக்குது. அடுத்த வாட்டி நீங்க வரோணும்."

சீனிவாசலுவுக்குத் தைரியம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கூடவே பழைய புத்தியும். நடக்கவே நடக்காத ஒரு நிபந்தனையைத் தேடிப் பிடித்தார்.

"வாரேன் அம்மணி. ஆனா அடுத்தவங்க ஓட்டி நான் உக்கார மாட்டேன். நீ ஓட்டு. நீ ஓட்டுனா, சாமி சத்தியமா, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன்."

மாமனார் கேட்டார். பாலகோபால் கேட்டார். பேக்கரி மொத்தமும் கேட்டது.

பிரீத்திகா நோட்டைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"பறக்கப் படிக்கறதுக்கு ஃபாரமுங்க. சார்கிட்டக் கேட்டுப் புதன்கிழமையே வாங்கிப்போட்டேன். பேரு, வயசு எல்லாம் எழுதியாச்சு. அவசரம்னா யாரைக் கூப்புடோணும்னு கடைசியில ஒரு எடம் இருக்குது, அதுல உங்க நம்பரைப் போட்டிருக்கறேன். கூப்புட்டா மயக்கம் போடாம எடுங்க."