மூன்று ஒயரும் இரண்டு காதும்

குற்றவாளி ஒயர்தான் என்று பாம்புச்செவி தீர்ப்பு எழுதிவிட்டார்.

எலெக்ட்ரிக் கிடாரின் முதுகைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்த நிமிஷமே எழுதிவிட்டார். கம்பிகளின் அதிர்வை வாங்கும் காந்தத்திலிருந்து, ஒலி வெளியேறும் துளை வரைக்கும் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் ஒயர். சோனி உடம்பு. மேலுக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சட்டை. இப்படிப்பட்ட ஆளிடம் சேதி சொல்லி அனுப்பினால் எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் ஒரு மாதமாகக் கிடார் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசுகிறது.

பாம்புச்செவி என்பது கல்லூரி நாளில் வாத்தியக் குழு நண்பர்கள் வைத்த பெயர். அடுத்த தெருவில் ஊசி விழுந்தால், அது தையல் ஊசியா குண்டூசியா என்று சொல்லக்கூடியவர் என்பது ஐதீகம். இப்போது வயது நாற்பத்தெட்டு. வரைபட அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் அதே குழு, அதே கிடார். போன சனிக்கிழமை டிரம்ஸ்காரர் பாதிப் பாட்டில் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்டா, இப்படிக் கீச்சுன்னு வைக்கிறே? காது கிழியுது."

கீச்சா? மந்தமாக இருக்கிறதே என்றுதான் அவர் குமிழைத் திருகித் திருகிக் கூர்மையை ஏற்றியிருந்தார்!

இதற்கு இரண்டே விளக்கம்தான். ஒன்று, ஒயர். இன்னொன்றை அவர் மனசுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒயரில் குறை என்றால் டிரம்ஸ்காரருக்கு மட்டும் எப்படிக் காது கிழிந்தது? இதை மட்டும் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவருடைய மனைவிக்குக் காது பரிசோதனை நிலையத்தில் உத்தியோகம். ஊர்க் காதெல்லாம் அவள் கைக்குள். வீட்டில் இருக்கிற ஒரு ஜோடிதான் மூன்று வாரமாகச் சிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு மேஜையில் ஒயர்தான் பரிமாறியிருந்தது. குடும்பம் நின்றுகொண்டு சாப்பிட்டது.

"ஏங்க, இது என்ன புதுக் கம்பி?"

"கம்பி இல்லம்மா, ஒயர். கம்பி வெளியில இருக்கிறது. ஒயர் உள்ள போறது."

"உள்ள போறவங்கதான் கம்பி எண்ணுவாங்க. நீங்க வெளியில இருந்துக்கிட்டே எண்ணுறீங்க. இதோட எத்தனை?"

"மூணே மூணு தினுசு. இது துணி சுத்தினது. பழைய ரேடியோவுக்குள்ள எல்லாம் இதான். சத்தம் அப்படியே குழைஞ்சு வரும்."

"இது?"

"பிளாஸ்டிக். கொஞ்சம் கறார்ப் பேர்வழி."

"சடை பின்னின மாதிரி இருக்கே, இது?"

"உறை போட்ட ஒயர். வெளி இரைச்சல் எதையும் உள்ள விடாது."

"அப்படி ஒருத்தர் இந்த வீட்டுல ஏற்கெனவே இருக்காரே. காலையில வாசல் மணி நாலு தடவை அடிச்சுது."

பாம்புச்செவிக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாலு தடவையா?

"யோசனையில இருந்தேன்."

"மணிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா? திங்கட்கிழமை நிலையத்துக்கு வாங்களேன். பத்து நிமிஷ வேலை."

"கிடாருக்குக் காய்ச்சல்னா எனக்கு எதுக்கு ஊசி?"

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வைத்த விதம் நன்றாக இல்லை.

"சரி, பந்தயம். நீங்க சுவரைப் பாத்து உக்காருங்க. நான் ஒவ்வொரு ஒயரா கிளிப்புல மாட்டி, கம்பியை மீட்டறேன். எது எந்த ஒயர்னு சொல்லிட்டீங்கன்னா, ஆயுசுக்கும் உங்க காதைப் பத்திப் பேச மாட்டேன். மேஜையும் உங்களுக்கே."

"இல்லன்னா?"

"குத்தம் ஒயர்ல இல்லன்னு ஆச்சுன்னா, திங்கட்கிழமை காலையில பத்து மணி."

கம்பி நீட்டிவிடலாமா என்றிருந்தது. ஆனால் வாசல் பக்கம் அவள் நின்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

கிளிப் மாட்டும் 'டப்' சத்தம். மீட்டல். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

மறுபடி 'டப்'. மீட்டல். அதே போர்வை.

மூன்றாவது 'டப்'. மீட்டல். போர்வையில் ஒரு நூல்கூட நகரவில்லை.

அவருக்குத் துல்லியமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தன்னுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

அப்போதுதான் பொறி தட்டியது. அவள் வேலை செய்யும் இடத்தில், காது கேட்காத மாதிரி நடிப்பவர்களையும், கேட்கிற மாதிரி நடிப்பவர்களையும் பிடிக்க என்னென்னவோ தந்திரம் வைத்திருக்கிறார்கள். கேட்டால் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, சத்தமே அனுப்பாமல் சும்மா உட்கார வைப்பார்கள். கை தூக்கினவர் மாட்டினார்! ஆகா. இவள் ஒயரை மாற்றவே இல்லை. ஒரே ஒயரைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறாள். நான் துணி என்றும் பிளாஸ்டிக் என்றும் உளற வேண்டும், அதுதானே?

எழுந்தே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தபடியே.

"மூணும் ஒண்ணுதான்!"

அவளை மடக்கியாயிற்று. அந்த நினைப்பு அவருக்கு இனித்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? மூணுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. யார்கிட்ட?"

"எழுதித் தருவீங்களா?"

ஒயர் சுற்றி வந்த அட்டையில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். கீழே கோடும் இழுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு செல்போனை நீட்டினாள். அவளே எடுத்து வைத்த வீடியோ. முதலில் துணி ஒயர். அடுத்தது பிளாஸ்டிக். கடைசியில் சடை பின்னினது.

"மூணும் வேற வேறங்க. ஆனா கேட்டா ஒண்ணுதான். இதைத்தான் நானும் மூணு வாரமா சொல்றேன். இப்ப உங்க கையெழுத்தோட இருக்கு."

"உனக்கு... வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"எனக்கும் தெரியல. ஆனா எனக்கு மூணுமே கீச்சுன்னு கேட்டுது."

பாம்புச்செவி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் பாதியில் நிறுத்தி வைத்திருந்த வாக்கியம் தானாகவே வெளியே வந்தது.

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்குக் காது போகுது, இல்ல?"

"ஐயே, அழாதீங்க." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க சோபாவுல தூங்கறப்பவே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். காது எங்கயும் போகல. அழுக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். சுத்தம் பண்ணினா சரியாயிடும்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆகவே கோபப்பட்டார்.

"அடிப்பாவி! நான் இங்க செத்துச் செத்துப் பிழைக்கிறேன். அப்பவே என்னை எழுப்பிச் சொல்றதுக்கு என்ன?"

"எழுப்பாம இருப்பேனா? ரெண்டு காதுலயும் சொன்னேங்க."